எந்தத் தீக்கு எந்த சிலிண்டர்: தீயணைப்பான் வாங்க, மாட்ட, பயன்படுத்த ஒரு முழு வழிகாட்டி

கல்யாண மண்டபம், துணிக்கடை, அடுக்குமாடிப் படிக்கட்டு, தனியார் மருத்துவமனை வராந்தா என்று எங்கே போனாலும் சுவரில் ஒரு சிவப்பு சிலிண்டர் தொங்குகிறது. பத்துக்கு எட்டு இடங்களில் அது ஏபிசி பவுடராகத்தான் இருக்கும். "எல்லாத் தீக்கும் இது ஒண்ணே போதும் சார்" என்று விற்றவர் சொல்லியிருப்பார். பெரும்பாலான இடங்களுக்கு அது சரிதான். ஆனால் எண்ணெய் கொதிக்கும் பஜ்ஜிச் சட்டி, கம்ப்யூட்டர் அறை, சார்ஜில் போட்ட மின் ஸ்கூட்டர் ஆகிய மூன்று இடங்களிலும் அந்தப் பேச்சை நம்பக் கூடாது. இந்த மூன்றும் இன்று சாதாரணத் தெருவிலேயே இருக்கின்றன.

எனவே கடைக்குப் போய் "ஒரு ஃபயர் சிலிண்டர் கொடுங்க" என்று கேட்பதற்கு முன்னால், உங்கள் இடத்தில் எது தீப்பிடிக்க வாய்ப்பு அதிகம் என்று ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள்.

முதல் படி: என்ன எரியும் என்று பாருங்கள்

தீயை எரிபொருளை வைத்துத்தான் வகை பிரிக்கிறார்கள். இந்தியாவில் நடைமுறையில் உள்ள பிரிவு இது. மரம், துணி, தாள், ஓலை, நார் போன்ற திடப்பொருள் எரிந்தால் ஏ வகை. எரிந்து முடிந்தபின் கங்கு மிஞ்சும் தீ என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல், டீசல், தின்னர், பெயின்ட் போன்ற திரவம் எரிந்தால் பி. சமையல் எரிவாயு, அசெட்டிலீன் போன்ற வாயு எரிந்தால் சி. மெக்னீசியம், அலுமினியத் தூள், சோடியம் போன்ற உலோகம் எரிந்தால் டி. சமையல் எண்ணெயும் நெய்யும் சட்டியில் கொதித்துப் பற்றினால் அதற்குத் தனி வகை, எஃப்.

இதில் மின்சாரம் எங்கே என்று கேட்பீர்கள். மின்சாரத்துக்குத் தனி எழுத்து கிடையாது. மின்சாரம் தீயை மூட்டும், ஆனால் எரிவது வயரின் பிளாஸ்டிக் உறையும் பலகையும்தான். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டால் அது வெறும் ஏ வகைத் தீ. அணைக்க முடியாதபோதுதான், மின்சாரத்தைக் கடத்தாத பொருளால் அணைக்க வேண்டும் என்ற கட்டாயம் வருகிறது.

இங்கே ஒரு குழப்பம் இருக்கிறது. இணையத்தில் தேடினால் முதலில் வருவது அமெரிக்கப் பக்கங்கள்தான். அவர்கள் கணக்கில் சி என்றால் மின்சாரத் தீ. வாயு, திரவம் இரண்டையும் பி-யில் சேர்த்துவிடுவார்கள். சமையல் எண்ணெய்க்கு அவர்கள் வைத்த எழுத்து கே. நம் ஊர்க் கடைகளிலும் சமையலறை சிலிண்டரை "கே டைப்" என்றே விற்கிறார்கள், லேபிளில் எஃப் என்று இருந்தாலும். அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கே லேபிளைப் படித்தால் தலைகீழாகப் புரிந்துகொள்ள வாய்ப்பு உண்டு. ஜாக்கிரதை.

நிறத்தை வைத்து முடிவு செய்யவும் வேண்டாம். கரியமில வாயுவுக்குக் கறுப்புப் பட்டை, நுரைக்கு வெளிர் மஞ்சள், பவுடருக்கு நீலம் என்று பிரிட்டிஷ் வழக்கம் ஒன்று உண்டு. இங்கே ரீஃபில் செய்கிறவர் கையில் இருந்த பெயின்ட்டை அடித்திருப்பார். லேபிளில் எழுதியிருப்பதைப் படிப்பதுதான் வழி.

இரண்டாம் படி: ஒவ்வொரு வகையையும் தெரிந்துகொள்ளுங்கள்

*ஏபிசி பவுடர்.* உள்ளே இருப்பது மோனோ அம்மோனியம் பாஸ்பேட் என்ற உப்பின் தூள். சூடான பொருளின்மேல் பட்டதும் இது உருகி, கண்ணாடிப் படலம்போல் ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கிறது. மரக் கங்கைக்கூட அடக்குவது இதனால்தான். எரியும் வாயுவுக்குள் நடக்கும் வேதிவினையையும் அறுத்துவிடுவதால் பெட்ரோல் தீயில் ஒரு வீச்சிலேயே சுவாலை மறையும். விலை குறைவு, எங்கும் கிடைக்கும், மின்சாரத்தைக் கடத்தாது. வீடு, கடை, கார், குடோன் எல்லாவற்றுக்கும் முதல் தேர்வு இதுதான்.

லேபிளில் "மேப் 50", "மேப் 90" என்று ஓர் எண் இருக்கும். அந்தத் தூளில் பாஸ்பேட் எத்தனை சதவீதம் என்பதே அது. 90 விலை கூடுதல், வேகமும் கூடுதல். சின்ன வீட்டுக்கு 50 போதும். குடோனுக்கும் பட்டறைக்கும் 90 வாங்குங்கள் என்பேன்.

இதன் குறை தூள்தான். ஒரு 4 கிலோ சிலிண்டரை மூடிய அறையில் அடித்தால் கை நீட்டினால் கை தெரியாது. வெளியே போகும் வழியும் தெரியாது. அப்புறம், இந்தத் தூள் ஈரம் பட்டால் அமிலத்தன்மை காட்டும். கம்ப்யூட்டர், டிவி, மருத்துவமனை ஸ்கேன் மெஷின் போன்றவற்றின் சர்க்யூட் பலகையில் படிந்தால் சில நாளில் அரித்துவிடும். தீ சேதப்படுத்தாததைத் தூள் சேதப்படுத்தும்.

பெட்ரோல் பங்க்குகளிலும் பழைய தொழிற்சாலைகளிலும் "டிசிபி" என்று ஒன்றைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் பவுடர்தான், ஆனால் உள்ளே இருப்பது பெரும்பாலும் சோடியம் பைகார்பனேட், அதாவது நம் அடுப்படி ஆப்ப சோடா. திரவத்தையும் வாயுவையும் நன்றாக அணைக்கும். கங்கில் படலமாக ஒட்டாது என்பதால் மெத்தை, மரம், துணி மூட்டைக்கு இதை நம்பக் கூடாது. அணைந்ததுபோல் தெரியும், சற்று நேரத்தில் மறுபடி புகையும்.

*கார்பன் டை ஆக்சைடு.* பேச்சில் "சிஓடூ". கனமான, தையலில்லாத உருக்கு சிலிண்டர், முனையில் கறுப்புக் கொம்பு, அழுத்தம் காட்டும் கேஜ் கிடையாது. இந்த மூன்றையும் பார்த்தால் தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்துவிடும். சுவடே இல்லாமல் அணைக்கும் என்பது இதன் பெரிய வசதி. மீட்டர் பாக்ஸ், ஜெனரேட்டர் பேனல், லிஃப்ட் மெஷின் அறை, சர்வர் அறை, ஏடிஎம் அறை ஆகியவற்றுக்கு இதுதான் பொருத்தம். அடுக்குமாடிக் குடியிருப்பில் ஈபி மீட்டர்கள் வரிசையாக இருக்கும் கீழ்த்தள அறைக்கு ஒரு 4.5 கிலோ சிஓடூ இல்லையென்றால், சங்கம் அடுத்த கூட்டத்தில் பேச வேண்டிய முதல் விஷயம் அது.

இரண்டு எச்சரிக்கைகள். வெளியே வரும் வாயுவோடு வெண்பனித் தூள் பறக்கும். அது உறைந்த கார்பன் டை ஆக்சைடு, மைனஸ் 78 டிகிரி. கொம்பை வெறுங்கையால் பிடித்தால் தோல் வெந்ததுபோல் உரியும். கொம்புக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடியை மட்டுமே பிடியுங்கள். அடுத்தது மூச்சு. 4.5 கிலோ சிலிண்டர் ஏறக்குறைய 2,400 லிட்டர் வாயுவைக் கக்கும். எட்டுக்கு எட்டு அடியில் பத்தடி உயர அறையில் மொத்தக் காற்றே சுமார் 18,000 லிட்டர்தான். கணக்குப் போட்டால் 13 சதவீதம் வருகிறது. 10 சதவீதத்தைத் தாண்டினாலே ஆள் மயங்கி விழுவார். சின்ன அறையில் அடித்தால் வாசலில் நின்று அடியுங்கள், அடித்ததும் வெளியே வந்து கதவைச் சாத்துங்கள்.

திறந்த வெளியில் இது பயனில்லை, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். வீச்சும் ஒன்றிரண்டு மீட்டர்தான். குளிர்விக்கும் திறனும் குறைவு என்பதால் கங்கு இருந்தால் மீண்டும் பற்றும்.

*சமையலறைக்கு.* வீட்டு அடுப்படியில் ஏபிசி வைத்திருப்பவர்கள் இதை நிதானமாகப் படிக்க வேண்டும். சூரியகாந்தி எண்ணெய் 230 டிகிரி வாக்கில் புகைய ஆரம்பிக்கும். அடுப்பை அணைக்காமல் விட்டு 350 டிகிரியைத் தொட்டால், தீக்குச்சியே வேண்டாம், தானாகப் பற்றிக்கொள்ளும். இப்போது பவுடரை அடித்தால் சுவாலை போய்விடும், எண்ணெயின் சூடு அப்படியே இருக்கும். தூள் அடங்கியதும் மறுபடி குபீர் என்று எழும். உங்கள் சிலிண்டரோ காலி. போதாக்குறைக்கு, கிட்டத்தில் நின்று அடித்தால் அந்த வேகத்திலேயே எண்ணெய் சிதறிச் சுவரிலும் சட்டையிலும் தெறிக்கும்.

கே டைப் சிலிண்டரில் இருப்பது பொட்டாசியம் உப்பு கரைந்த திரவம். நீண்ட குழாய் வழியே மென்மையான சாரலாக வரும். கொதிக்கும் எண்ணெயோடு சேர்ந்து மேற்பரப்பில் சோப்பு நுரைபோல் ஒரு மூடியை உண்டாக்கும், கூடவே எண்ணெயைக் குளிர்விக்கும். ஹோட்டல், கேட்டரிங், விடுதிச் சமையலறை, மிக்சர் காராச்சேவு போடும் இடம் ஆகியவற்றில் இது இருந்தே ஆக வேண்டும். ஏபிசி பவுடரையும் இதையும் ஒன்றன்மேல் ஒன்று அடிக்காதீர்கள். அந்த அமிலத் தூள் இந்தச் சோப்பு நுரையைக் கெடுத்துவிடும்.

வீட்டுச் சட்டிக்கு சிலிண்டரே தேவையில்லை என்பது என் கருத்து. அடுப்பை அணையுங்கள். சட்டியைவிடப் பெரிய மூடியையோ தட்டையோ எடுத்து, மேலிருந்து போடாமல், உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சறுக்கி மூடுங்கள். அப்படியே விட்டுவிட்டு வெளியே போங்கள். ஆறிவிட்டதா என்று ஐந்து நிமிடத்தில் திறந்து பார்க்கிறவர்கள்தான் சுட்டுக்கொள்கிறார்கள். சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடவே கூடாது. தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகும்? எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் போய் ஒரு கணத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஏறக்குறைய 1,700 லிட்டர் நீராவி. அது எரியும் எண்ணெயை மொத்தமாக விட்டத்துக்குத் தூக்கி அடிக்கும்.

*தண்ணீரும் நுரையும்.* 9 லிட்டர் தண்ணீர் சிலிண்டர் ஏ வகைக்கு மட்டும். பஞ்சு, காகிதம், நெல் உமி, மரக்கடைக்கு இதைவிட நல்லது எதுவும் இல்லை, ஏனென்றால் உள்ளே போய்க் குளிர்விப்பது தண்ணீர் மட்டும்தான். மின்சாரத்தின் பக்கமும் எண்ணெயின் பக்கமும் கொண்டுபோகக் கூடாது. நுரை சிலிண்டர் தண்ணீரோடு நுரைப்பொருள் கலந்தது. பெட்ரோல், டீசல் தேங்கிய இடத்தில் போர்வைபோல் மூடி ஆவி மேலெழாமல் தடுக்கும். டீசல் டேங்க், பெயின்ட் குடோன் வைத்திருப்பவர்களுக்கு உரியது. இதிலும் தண்ணீர்தான் பெரும்பங்கு என்பதால் மின்சாரத்துக்கு ஆகாது.

*கிளீன் ஏஜென்ட்.* நுட்பமான மின்னணுக் கருவிகள் உள்ள இடத்துக்கு, அடித்ததும் சுவடில்லாமல் ஆவியாகிவிடும் பொருள் இது. தூளும் மிஞ்சாது, சிஓடூ அளவுக்கு மூச்சடைப்பும் இல்லை. விலைதான் பல மடங்கு. முன்பு இந்த வேலையைச் செய்த ஹாலான் வாயு ஓசோன் படலத்தைக் கெடுக்கிறது என்று 1987 மாண்ட்ரியல் ஒப்பந்தத்தின் வழியே படிப்படியாக நிறுத்தப்பட்டது. எங்காவது பழைய ஹாலான் சிலிண்டர் கிடந்தால் ரீஃபிலுக்குக் கொடுக்க வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

*உலோகத் தீ.* லேத் பட்டறையில் மெக்னீசியம் சீவல், ஆய்வகத்தில் சோடியம் என்று வைத்திருப்பவர்களுக்கு மட்டும். தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வரும், நிலைமை மோசமாகும். அதற்கென்றே டி வகைத் தூள் உண்டு. அது இல்லாத இடத்தில் நன்கு காய்ந்த மணல். "காய்ந்த" என்பதைக் கவனியுங்கள். மழையில் நனைந்த வாளி மணல் ஆபத்து.

மூன்றாம் படி: சிலிண்டரால் ஆகாத தீயைத் தெரிந்துகொள்ளுங்கள்

சமையல் எரிவாயு. சி வகைக்கு ஏபிசி ஏற்றது என்று லேபிள் சொல்லும். அது உண்மை, ஆனால் வாயு வரும் வழியை மூட முடிந்தால் மட்டும். ரெகுலேட்டர் முனையில் எரியும் சுவாலையை அணைத்துவிட்டு வாயுவை மூடாமல் விட்டால், அது காற்றைவிடக் கனம் என்பதால் தரையோடு பரவித் தேங்கும். ஃப்ரிட்ஜ் ரிலே ஒரு பொறி விட்டால் வீடே வெடிக்கும். எரிந்துகொண்டிருக்கும் வாயு, எரியாமல் தேங்கும் வாயுவைவிட மேல். ஈரத் துணியையோ ஈரச் சாக்கையோ கையில் சுற்றிக்கொண்டு ரெகுலேட்டரை அணைக்க முடிகிறதா பாருங்கள். முடியாதென்றால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101-ஐ அழையுங்கள். சிலிண்டர் உடலையே தீ சூழ்ந்துவிட்டால் யோசிக்காமல் தூரமாகப் போங்கள். தீயில்லாமல் வாசனை மட்டும் வந்தால் எந்த சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்கு அழையுங்கள். கசிவுக்கென்றே உள்ள எண் அது.

லித்தியம் பேட்டரி. 2022 மார்ச்சில் வேலூரில் இரவு வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் புகையில் மூச்சுத் திணறி இறந்தார்கள். இந்தத் தீ மற்றவை போன்றதல்ல. பேட்டரிக்குள் ஒரு செல் சூடேறி உடைந்தால் அதன் சூடு அடுத்த செல்லை உடைக்கும், அது அடுத்ததை. வெளிக்காற்று இல்லாமலே இந்தச் சங்கிலி ஓடும் என்பதால் பவுடரோ சிஓடூவோ சுவாலையை மறைக்கும், உள்ளே நடப்பதை நிறுத்தாது. நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விப்பது ஒன்றுதான் வழி, அதையும் தீயணைப்புத் துறையினர் செய்யட்டும். வரும் புகை நச்சு. செல்போன் அளவு பேட்டரி என்றால், சார்ஜர் சுவிட்சை அணைத்துவிட்டுத் தூரத்திலிருந்து வாளித் தண்ணீர் ஊற்றலாம். ஸ்கூட்டர் அளவு என்றால் கதவைச் சாத்திவிட்டு ஓடுங்கள். படிக்கட்டுக்கு அடியிலும் ஒரே வாசல் உள்ள கூடத்திலும் சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் நீங்கள் ஓட வேண்டிய வழியே அதுதான்.

பட்டாசு. மருந்துக் கலவைக்குள்ளேயே ஆக்சிஜன் தரும் உப்பு இருப்பதால் காற்றை அடைத்து அதை அணைக்க முடியாது. சிவகாசி வட்டாரத்தில் வேலை செய்கிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தீபாவளிக்குத் தற்காலிகக் கடை போடுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். உங்கள் சிலிண்டரும் வாளித் தண்ணீரும் பெட்டிக்குள் தீ போவதற்கு முன்புவரைதான். போய்விட்டால் சிலிண்டரைக் கீழே போட்டுவிட்டு ஓடுவதுதான் சரி.

நான்காம் படி: வாங்குங்கள்

ஐஎஸ்ஐ முத்திரையும், அதோடு ஐஎஸ் 15683 என்ற எண்ணும் இருக்கிறதா பாருங்கள். இந்தியாவில் கையடக்கத் தீயணைப்பான்களுக்கான தரக்குறிப்பு இது. அடுத்து 2ஏ, 34பி மாதிரி எழுதியிருக்கும் திறன் எண். எழுத்து தீயின் வகை, எண் எவ்வளவு பெரிய சோதனைத் தீயை அணைத்தது என்பதன் அளவு. ஒரே 4 கிலோவில் இரண்டு கம்பெனி இருந்தால் எடையைப் பார்க்காமல் இந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். கடைக்காரர்களே பலர் இதைக் கவனிப்பதில்லை.

அளவைப் பொறுத்தவரை, காருக்கு 1 கிலோ, வீட்டுக்கு 2 அல்லது 4 கிலோ, கடைக்கும் அடுக்குமாடித் தளத்துக்கும் 4 அல்லது 6 கிலோ ஏபிசி. 6 கிலோ என்பது உள்ளே உள்ள தூளின் எடை. சிலிண்டரோடு சேர்த்தால் 9 கிலோவைத் தாண்டும். வீட்டில் வயதானவர்கள்தான் பகலில் இருக்கிறார்கள் என்றால் 2 கிலோவே மேல். தூக்க முடியாத சிலிண்டர் சுவரில் இருந்து என்ன பயன்? ஆன்லைனில் விற்கும் கையடக்க ஸ்பிரே டப்பாக்களும், தீயில் எறியச் சொல்லும் பந்துகளும் கூடுதலாக இருந்தால் இருக்கட்டும். ஒரே பாதுகாப்பாக அவற்றை நம்ப மாட்டேன்.

ஐந்தாம் படி: மாட்டுங்கள்

வெளியேறும் வழியில், கதவுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். சமையலறைச் சிலிண்டரை அடுப்புக்கு மேலே மாட்டியிருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். தீ எரியும்போது தீயைத் தாண்டிக் கையை நீட்ட வேண்டும். கைப்பிடி நெஞ்சு உயரத்துக்குமேல் போக வேண்டாம். பெரிய இடமென்றால் எங்கே நின்றாலும் 15 மீட்டருக்குள் ஒன்று கிடைக்க வேண்டும். துணிக்கடையில் பொம்மைக்குப் பின்னால், ஜவுளி மூட்டைக்கு அடியில் என்று ஒளித்துவைப்பது வழக்கமாகிவிட்டது. அழகுக்குக் குறைச்சல் என்றால் ஒரு கண்ணாடிப் பெட்டி போட்டுக்கொள்ளலாம், பூட்டு மட்டும் வேண்டாம்.

ஆறாம் படி: பயன்படுத்துங்கள்

சிலிண்டரைத் தொடுவதற்கு முன்னால்: கத்திச் சொல்லுங்கள், மற்றவர்களை வெளியே அனுப்புங்கள், ஒருவரை 101 அல்லது 112-க்கு அழைக்கச் சொல்லுங்கள். தீ ஒரு குப்பைக்கூடை அளவுதான் என்றால் முயலலாம். உங்கள் உயரத்துக்கு எழுந்துவிட்டது, அல்லது புகை கூரையைத் தொட்டுக் கீழே இறங்க ஆரம்பித்துவிட்டது என்றால் வேண்டாம். கைச் சிலிண்டரில் உங்களுக்குக் கிடைப்பது அளவைப் பொறுத்து 8 முதல் 15 நொடி. அவ்வளவுதான். வாசல் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள். திறந்த வெளி என்றால் காற்றும் முதுகுப்பக்கம்.

கொக்கியிலிருந்து எடுத்து நிமிர்த்திப் பிடியுங்கள். சாய்த்தாலும் கவிழ்த்தாலும் அழுத்த வாயு மட்டும் வெளியேறி, தூள் உள்ளேயே தங்கிவிடும். பழைய சினிமா தியேட்டர்களில் இருந்த கூம்பு வடிவ சோடா ஆசிட் சிலிண்டரைத் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். அதைப் பார்த்து வளர்ந்த பெரியவர்கள் இன்றும் எதையும் கவிழ்க்கப் பார்க்கிறார்கள்.

அடுத்தது, கைப்பிடியை அழுத்தவிடாமல் தடுக்கும் உலோகப் பாதுகாப்புப் பின். அதில் ஒரு பிளாஸ்டிக் சீல் கட்டியிருக்கும். பின்னைச் சற்றே திருகினால் சீல் அறுந்துவிடும், பிறகு நேராக இழுங்கள். பதற்றத்தில் எல்லோரும் செய்வது, இரண்டு கைப்பிடியையும் சேர்த்து இறுக்கிக்கொண்டே பின்னை இழுப்பது. இறுக்கினால் பின் மாட்டிக்கொள்ளும், எவ்வளவு பலமாக இழுத்தாலும் வராது. சிலிண்டரைத் தரையில் வைத்து, கீழ்க் கைப்பிடியை மட்டும் பிடித்துக்கொண்டு இழுத்தால் சுலபமாக வந்துவிடும்.

தலையில் தட்டும் குமிழ் இருந்தால் அது கார்ட்ரிட்ஜ் வகை, அதாவது அழுத்த வாயு தனிக் குப்பியில் அடைத்திருக்கும் சிலிண்டர். பாதுகாப்புப் பின்னை எடுத்து, குமிழை ஓங்கித் தட்டி, உள்ளே அழுத்தம் ஏற இரண்டு மூன்று நொடி பொறுத்து, பிறகுதான் குழாய்முனையை அழுத்த வேண்டும்.

தீயிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நின்று, சுவாலையின் தலையைப் பார்க்காமல் அது எரியும் அடியைக் குறிவையுங்கள். அழுத்துங்கள். இடமும் வலமுமாகத் துடைப்பதுபோல் வீசிக்கொண்டே மெல்ல முன்னேறுங்கள். சிஓடூ என்றால் திடீரென்று பெரிய சீறல் சத்தம் வரும், அதற்குப் பயந்து கையை எடுத்துவிடாதீர்கள். தீ அடங்கியதும் முதுகைக் காட்டித் திரும்பாமல், அதைப் பார்த்தபடியே பின்னால் நகருங்கள். சிலிண்டர் காலியாகியும் தீ அடங்கவில்லை என்றால் அடுத்த சிலிண்டரைத் தேடி ஓட வேண்டாம், வெளியே போங்கள், போகும்போது கதவைச் சாத்துங்கள்.

கார் பானெட்டிலிருந்து புகை வந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு எல்லோரும் இறங்கித் தள்ளி நில்லுங்கள். பானெட்டை முழுக்கத் திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து சுவாலை முகத்தில் அடிக்கும். லாக்கை மட்டும் விடுவித்து, அந்தச் சின்ன இடைவெளி வழியாக அடியுங்கள்.

ஏழாம் படி: பராமரியுங்கள்

மாதம் ஒருமுறை ஒரு நிமிடம் போதும். கேஜ் முள் பச்சையில் இருக்கிறதா, சீல் அறாமல் இருக்கிறதா, அடிவளையத்தில் துரு ஏறியிருக்கிறதா பாருங்கள். கடலோர ஊர்களில் துரு அடியிலிருந்துதான் தொடங்கும். குழாய்முனைக்குள் கண்ணை வைத்துப் பாருங்கள். குளவிக்கு அந்த ஓட்டை ரொம்பப் பிடிக்கும், மண்கூடு கட்டி அடைத்துவிடும். பவுடர் சிலிண்டரை இரண்டு மூன்று முறை தலைகீழாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் தூள் அடியில் இறுகாமல் இருக்கும்.

சிஓடூவுக்குக் கேஜ் இல்லாததால் எடைதான் வழி. காலி எடை சிலிண்டர் கழுத்தில் வெட்டியிருக்கும். தராசில் வைத்து அதைக் கழித்தால் வாயுவின் எடை. பத்தில் ஒரு பங்கு குறைந்திருந்தால், அதாவது 4.5 கிலோவில் 450 கிராம் போயிருந்தால், ரீஃபில் செய்ய வேண்டும்.

ஒரே ஒரு நொடி அழுத்திப் பார்த்திருந்தாலும் ரீஃபில்தான். வால்வில் சிக்கும் தூள் அதை முழுக்க மூடவிடாது, சில நாளில் அழுத்தம் கசிந்துவிடும். எனவே "வேலை செய்யுதா பார்ப்போம்" என்ற சோதனை வேண்டாம். ஆண்டுக்கு ஒருமுறை ஆள் வைத்து சர்வீஸ் செய்யுங்கள். பவுடர், நுரை, தண்ணீர் சிலிண்டர்களுக்கு 3 ஆண்டுக்கு ஒருமுறையும், சிஓடூவுக்கு 5 ஆண்டுக்கு ஒருமுறையும் அழுத்தச் சோதனை உண்டு.

ரீஃபில் என்ற பெயரில் ஸ்டிக்கரை மட்டும் மாற்றி, துடைத்துக் கொண்டுவந்து மாட்டிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். இதைத் தவிர்க்க நல்ல வழி, எடுத்துப்போகும் முன்பே பழைய தூளை நீங்களே காலி செய்துவிடுவது. மைதானத்தில் ஒரு பழைய தகரத்தட்டில் காகிதத்தைக் கொளுத்தி, குடியிருப்புக்காரர்கள், வாட்ச்மேன், கடைப் பையன்கள் என்று ஆளுக்கு ஒரு சிலிண்டரை அடிக்கச் சொல்லுங்கள். பின் எப்படி வருகிறது, 10 நொடி எவ்வளவு சீக்கிரம் முடிகிறது என்று கையில் பட்டுத் தெரிந்துகொள்வார்கள். கார்கள் நிற்கும் திசைக்குக் காற்று அடிக்காத நாளாகப் பாருங்கள். ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944-இல் பம்பாய்த் துறைமுகத்தில் வெடிமருந்தும் பஞ்சும் ஏற்றிய கப்பல் வெடித்தபோது உயிரிழந்த தீயணைப்பு வீரர்களின் நினைவாக நடப்பது. அந்த வாரத்தில் தீயணைப்பு நிலையத்தில் கேட்டால் செய்முறை விளக்கம் காட்ட வருவார்கள். ரீஃபில் தேதியை அதற்கு ஒத்துவருமாறு வைத்துக்கொண்டால் இரண்டு வேலையும் ஒன்றாக முடியும்.

சிந்திய பவுடரைக் காய்ந்த பிரஷ்ஷாலோ வாக்குவம் கிளீனராலோ அன்றே எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் பசையாகி அரிக்கும். ஆயுள் முடிந்த சிலிண்டரை அப்படியே காயலான் கடையில் போடாதீர்கள். அழுத்தத்தோடு வெட்டினால் வெட்டுகிறவர்மேல் பாயும். காலி செய்து, வால்வைக் கழற்றச் சொல்லி, பிறகு கொடுங்கள்.